பள்ளியின் உறுதி யாருடைய அலுமாரியில்?

நாரந்தனையிலிருந்து ஓர் இலக்கிய நண்பர் வந்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். வழக்கமாக அவர் வந்தால் பேச்சு புத்தகங்களைப் பற்றியதாக இருக்கும். அன்று பையிலிருந்து அவர் எடுத்தது புத்தகமல்ல, ஒரு கொப்பி. ஊரில் பாழடைந்து கிடக்கும் வாசிகசாலையை மீண்டும் எழுப்ப நான்கைந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். ஆனால் அவர்கள் கேட்ட ஒரு கேள்விக்கு இவர்களிடம் பதில் இல்லை: "காசை யாரின்ர பேருக்கு அனுப்புறது?"

அதைச் சொல்லிவிட்டு நண்பர் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நானா, உங்கட ஆக்களுக்கு வக்பு எண்டு ஒரு சட்டம் கிடக்கு. பள்ளிக்குக் குடுத்தது பள்ளியின்ரதுதான். எங்களுக்கு அப்பிடி என்ன கிடக்கு, சொல்லுங்கோ பாப்பம்?"

நான் சிரித்து வைத்தேன். வெட்கத்தை மறைக்கிற சிரிப்பு அது. ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஒரு மஹல்லாவில் பள்ளிக்குச் சொந்தமான கடையறைகளின் உறுதி எங்கே என்று கேட்டால், காலஞ்சென்ற ஒரு ஹாஜியாரின் மகனுடைய அலுமாரியில் என்பார்கள். எத்தனை கடை, என்ன வாடகை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கடைசியாகக் கணக்கு வாசிக்கப்பட்ட ஆண்டு எது என்று கேட்டால், கேட்டவரைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதும் நமக்கு அது தெரிந்திருப்பதும் ஒன்றல்ல.

இந்தக் கட்டுரை யாரையும் மகிழ்விப்பதற்காக எழுதப்படவில்லை. நம் பள்ளிகளையும் சங்கங்களையும் அறக்கட்டளைகளையும் நிர்வகிக்கிற கனவான்களோடுதான் என் வழக்கு. அரசோடும் ஒரு வழக்கு உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் நண்பரின் கேள்விக்கு வருவோம். தீவகத்தின் வரைபடத்தை எடுத்து விரியுங்கள். நயினாதீவு ஒரு சிறு தீவு. அதற்குள் நாகவிகாரையும் நாகபூஷணி அம்மன் கோயிலும் பள்ளிவாசலும் இருக்கின்றன. வேலணைத் தீவின் நாரந்தனைப் பக்கம் வந்தால் கோயில்களோடு கத்தோலிக்கத் தேவாலயமும் சேர்ந்துகொள்ளும். ஒரே கடற்காற்றுத்தான் எல்லாவற்றின் மீதும் வீசுகிறது. ஆனால் ஒவ்வொன்றின் கூரைக்கு மேலும் வெவ்வேறு சட்டம்.

விகாரையின் சொத்துகளை ஆள்வது 1931ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பௌத்த ஆதனங்கள் கட்டளைச் சட்டம். பள்ளிவாசலுக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம். அதன் கீழ் ஒரு பதிவேடு, ஒரு வக்பு சபை, 1982ஆம் ஆண்டின் திருத்தத்தால் வந்த வக்பு நியாய சபை. கத்தோலிக்கருக்கோ ஆயர் என்ற பதவியே சட்டத்தின் முன் ஒரு 'நபர்'. ஆயர் மாறலாம், மரணிக்கலாம். காணி பதவியின் பெயரில் நிலைத்திருக்கும். ஆயரின் தம்பி மகன் வந்து பங்கு கேட்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அவர்கள் இதைச் செய்து முடித்துவிட்டார்கள். இந்துக் கோயில்களுக்கென்று தனியான ஆதனச் சட்டம் கிடையாது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டம்தான் புகலிடம். அதன் 102ஆம் பிரிவின்படி வழிபாட்டிடத்தில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து, முன் விசாரணைக்குரிய சான்றிதழோடு மாவட்ட நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம்.

ஆகவே நாரந்தனை நண்பருக்கும் சட்டம் உண்டு. அவருக்கு அது தெரியாது. எனக்கு என்னுடையது தெரியாது. ஒருவருடைய வீட்டில் நெல் இருப்பதாக நினைத்து மற்றவர் பட்டினி கிடந்த கதை இது.

இதில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பவர்கள் 1990 ஒக்டோபர் 30ஐ நினைத்துப் பார்க்கட்டும். யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட நாள். வீட்டு உறுதியை எடுக்க நினைத்தவர்களுக்கே அவகாசமில்லை. பள்ளியின் உறுதியை யார் எடுத்திருப்பார்? தீவகத்துத் தமிழர்களும் அதே யுத்த காலத்தில் கோயிலையும் பாடசாலையையும் வாசிகசாலையையும் விட்டுவிட்டு ஓடியவர்கள்தான். இந்த நாட்டில் 1871ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: இன்னொருவர் காணியை உரித்தாளனுக்கு எதிராக, இடையூறில்லாமல் பத்தாண்டு ஆண்டவன், அதன் உரிமையைக் கோரலாம். 1990உடன் பத்தைக் கூட்டுங்கள். புத்தளத்து முகாம்களில் நாம் ஓலைக்கொட்டில் வேய்ந்துகொண்டிருந்தபோதே அந்தக் கணக்கு ஓடி முடிந்துவிட்டது.

இந்த அநீதியை உணர்ந்துதான் 2016இல் பாராளுமன்றம் 5ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுத நடவடிக்கை காரணமாகத் தன் உரிமையை நிலைநாட்ட முடியாமற் போனவருக்கு எதிராக அந்தக் காலம் எண்ணப்படாது என்பது அதன் சாரம். ஆனால் வழக்குத் தொடரக் கொடுத்த அவகாசம் குறுகியது. நான் கேட்கிறேன்: அந்தச் சட்டம் வந்ததை எத்தனை பள்ளி நிர்வாகங்கள் ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்று அறிவித்தன? எத்தனை கோயில் சபைகள் அறிவித்தன? நம் பத்திரிகைகள் எத்தனை பத்தி ஒதுக்கின? மீலாத் விழா மலருக்கு அமைச்சரின் வாழ்த்துச் செய்தி வாங்க மூன்று முறை கொழும்புக்குப் போன செயலாளர், காணிப் பதிவகத்துக்கு ஒரு முறையாவது போனாரா?

இனி அரசோடுள்ள வழக்கு.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு போனவர்களுக்கும் இங்கே கதவு எப்போதும் திறக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபை 1900ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் பள்ளிக்கூடம் நடத்தியும் நோயாளிகளைப் பராமரித்தும் வருகிறது. தம்மைச் சட்டப்படி ஓர் அமைப்பாகக் கூட்டிணைக்க 2003இல் அவர்கள் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தார்கள். தனி மனிதர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபித்தார். மதத்தைப் பரப்புவதையும் எளியோருக்கு உதவுவதையும் ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தக் கன்னியரின் பக்கத்து நியாயம் கேட்கப்படாமலேயே அந்தத் தீர்மானம் வந்தது. அவர்கள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவிடம் போனார்கள். மதச் சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டன என்று அந்தக் குழு 2005 ஒக்டோபரில் சொன்னது. ஏனைய மத அமைப்புகளுக்குக் கொடுத்ததை இவர்களுக்கு மட்டும் மறுத்தது ஏன் என்பதற்குத் தகுந்த விளக்கம் இல்லை என்றது. மறு ஆண்டே, சிங்கராசா வழக்கில், அந்தக் குழுவிடம் முறையிடும் உரிமையைத் தருகிற உடன்பாட்டுக்கு இந்த நாட்டுக்குள் சட்ட வலு இல்லை என்று நம் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.

அப்போது நாம் என்ன செய்தோம்? 'அது கன்னியாஸ்திரிகளின் விவகாரம்' என்று இருந்துவிட்டோம். 1924இல் தொடங்கிய நம் ஜம்இய்யத்துல் உலமா 2000ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டுவிட்டது அல்லவா, நமக்கென்ன? நமக்கென்ன என்பதற்கான பதிலும் வந்தது. 2008இல் மத விவகார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது: புதிய வழிபாட்டிடம் கட்டுவதானால் அமைச்சின் முன் அனுமதி வேண்டும். சுற்றறிக்கை சட்டமல்ல. ஆனால் பிரதேச சபையிலும் பொலிஸ் நிலையத்திலும் அது சட்டத்தைவிட வேகமாக வேலை செய்தது. 2012 ஏப்ரல் 20, ஒரு வெள்ளிக்கிழமை. தம்புள்ளைப் பள்ளிவாசலுக்குள் கூட்டம் புகுந்தது. 'இது சட்டவிரோதக் கட்டடம்' என்பதே அவர்கள் கையிலிருந்த சுலோகம். ஒரு பள்ளியைத் தாக்க வருகிறவன்கூட முதலில் கேட்கிற கேள்வி பத்திரம் பற்றியது என்பதை அன்று நாம் பார்த்தோம்.

ஒரு சட்டம் எல்லோருக்கும் ஒரே அளவுகோலாக இருந்தால் அது உரிமை. விரும்பியவருக்குத் திறந்து விரும்பாதவருக்குப் பூட்டினால் அது சலுகை. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பிடித்துத் தனியார் சட்டமூலம் கொண்டுவந்தால்தான் ஒரு மத அமைப்பு 'நபர்' ஆக முடியும் என்ற முறையே பிழையானது. எந்த மதமானாலும், குறித்த நிபந்தனைகளை நிறைவேற்றினால் பதிவாளர் பதிந்தே ஆக வேண்டும் என்ற பொதுச் சட்டம் வேண்டும். இதை நாம் கன்னியருக்காகவும் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால், அரசைக் குற்றஞ்சாட்டிவிட்டு நம் அலுமாரியைப் பூட்டிக்கொள்ள முடியாது. இந்தியாவைப் பாருங்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வக்பு திருத்தச் சட்டம், எழுத்தில்லாவிட்டாலும் நெடுங்காலப் பயன்பாட்டால் வக்பாகக் கருதப்படுகிற முறையை இனி இல்லை என்று நீக்கியது. அந்தச் சட்டத்தின் உள்நோக்கத்தைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆனால் 2025 செப்டெம்பர் 15இல் இந்திய உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் இந்த அம்சத்துக்குத் தடை கொடுக்க மறுத்தபோது சொன்ன காரணம் நம் நெஞ்சில் தைக்க வேண்டியது. வக்பு பற்றிய விபரங்களைக் கொடுக்க வேண்டும் என்ற கடமை 1923ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேலாகப் பதியாதவர்கள் இப்போது முறையிடுவது எப்படி என்றது நீதிமன்றம். எதிரியின் வாளைக் கூர் தீட்டிக் கொடுத்தது நம் சோம்பல்.

இங்கே மூன்று ஆட்சேபங்கள் எழும். மூன்றையும் நான் பள்ளி முற்றத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

ஒன்று: 'இஹ்லாஸ் இருந்தால் போதும், கடதாசி எதற்கு?' குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று இப்படிக் கேட்பவர்கள் ஆலிம்களிடம் விசாரிக்கட்டும். தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. கைபர் நிலத்தை வக்பு செய்த உமர் (ரலி) அவர்கள் அதை விற்கக் கூடாது, அன்பளிப்புச் செய்யக் கூடாது, வாரிசுரிமையாகப் பிரிக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். பொறுப்பாளர் யார் என்பதையும் எழுத்தில் வைத்ததாக ஹதீஸ் நூல்கள் பேசுகின்றன. உமரைவிடவா நம் தலைவருக்கு இஹ்லாஸ் அதிகம்?

இரண்டு: 'கணக்குக் கேட்பது பித்னா.' கணக்குக் கேட்பவன் ஊரைப் பிரிப்பதில்லை. கணக்கில்லாமைதான் பிரிக்கிறது. ஒரு பள்ளி இரண்டாகி எதிரெதிரே ஒலிபெருக்கி கட்டிய ஊர்களில், கொள்கைச் சண்டைக்கு அடியில் ஒரு கணக்குச் சண்டை புதைந்திருப்பதை ஊரார் அறிவார்கள். பள்ளிக் கட்டடத்துக்குக் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்த உம்மாவுக்கு, அந்தத் தோடு எந்தத் தூணில் இருக்கிறது என்று கேட்க உரிமை இல்லையா? நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிர்வாகத்தைக் கேள்வி கேட்டு ஆறுமுக நாவலர் பத்திரிகை அச்சிட்டு வெளியிட்டது 19ஆம் நூற்றாண்டில். அவரைச் சைவத்தின் எதிரி என்று இன்று யாரும் சொல்வதில்லை.

மூன்றாவது ஆட்சேபம் மட்டும் கனமானது: 'விபரமெல்லாம் கொடுத்தால் அரசு நம்மைப் பிடித்துவிடும்.' 2019 ஏப்ரல் 21இன் பின் எந்தத் தவறும் செய்யாத அமைப்புகள்கூடச் சந்தேகத்தின் கீழ் வாழ்ந்த காலத்தை நாம் மறக்கவில்லை. தன்னார்வ சமூக சேவை அமைப்புகளைப் பதியும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தில், 1998இன் திருத்தத்துக்குப் பின், மோசடிக் குற்றச்சாட்டு எழுந்தால் இடைக்கால நிர்வாக சபையை நியமிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு உண்டு. ஆண்டுக்கணக்கில் அந்தப் பதிவுச் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்திலிருந்து எடுக்கிற முடிவு பிழை. கணக்கு இல்லாத அமைப்பின் மீதுதான் எந்தக் குற்றச்சாட்டும் ஒட்டும். பற்றுச்சீட்டும் கூட்டக் குறிப்பும் கணக்காய்வு அறிக்கையும் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற செயலாளரின் முன்னால், விசாரிக்க வந்த உத்தியோகத்தர் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டியிருக்கும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் ஆண்டு வருமானம் 5,000 பவுணைத் தாண்டுகிற அறநிலையம் ஆணைக்குழுவில் பதிந்தாக வேண்டும். அதன் பொறுப்பாளர் யார், வரவு என்ன, செலவு என்ன என்பதை உலகத்தில் எவரும் பார்க்கலாம். லண்டனிலுள்ள ஒரு கோயிலின் வருமானத்தை நாரந்தனையில் இருக்கிற ஒரு பாட்டி பேரனின் கைத்தொலைபேசியில் பார்த்துவிடலாம். தன் தெருமுனைக் கோயிலின் வருமானத்தை அவரால் பார்க்க முடியாது. எங்கள் பள்ளிக்கும் இதே கதைதான்.

நம்மவர்களுக்கு இந்த ஒழுங்கு முடியாத காரியமல்ல. வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தைத் தொடங்கினார். அவர் 1973இல் மறைந்தார். நிதியம் அவரோடு மறையவில்லை. அவர் தொடங்கியது தன் பெயரில் ஒரு பெட்டியை அல்ல, தனக்குப் பின்னும் நடக்கக்கூடிய ஓர் ஒழுங்கை.

இனி இந்தச் சஞ்சிகையின் வாசகர்களாகிய உங்களிடம். 'இலக்கியச் சஞ்சிகையில் இதற்கென்ன வேலை?' என்று நீங்கள் கேட்கக்கூடும். 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும், 1885இல் 'அசன்பேயுடைய சரித்திர'த்தை எழுதி நம் நாவல் இலக்கியத்துக்கு வாசல் திறந்தவருமான சித்திலெப்பை தொழிலால் யார்? சட்டத்தரணி. சட்டமும் எழுத்தும் ஒரே மேசையில் இருந்த மரபு நம்முடையது. அந்த மேசையை இரண்டாகப் பிளந்தது நாம்தான். கவியரங்குக்கு மலர் போடுகிறோம், பொன்விழாவுக்கு மலர் போடுகிறோம். பள்ளி நிர்வாகிக்கும் கோயில் சபைக்கும் வாசிகசாலைச் செயலாளருக்கும் விளங்குகிற தமிழில், நாற்பது பக்கத்தில் ஒரு சட்டக் கைநூல் போட நமக்குக் கைவரவில்லை. சட்டமூலங்களின் தமிழ் மொழிபெயர்ப்பை வாசித்து விளங்கிக்கொண்டவர் கையைத் தூக்கட்டும். அந்தத் தமிழை மனிதருடைய தமிழாக்குவது எழுத்தாளனின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

அந்தக் கைநூலில் என்ன இருக்க வேண்டும் என்பது பெரிய இரகசியமல்ல. காணி எந்தத் தனி மனிதரின் பெயரிலும் இருக்கக் கூடாது. உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். அதன் பிரதிகள் மூன்று வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும், ஒன்றாவது ஊருக்கு வெளியே. இடம்பெயர்ந்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. யாப்பில் பதவிக்காலம், கூட்ட நடப்பெண், தெரிவு முறை, அமைப்புக் கலைந்தால் சொத்து எங்கே போகும் என்பவை எழுதப்பட வேண்டும். நிர்வாகியின் உறவினருக்குப் பள்ளிக் கடையை வாடகைக்குக் கொடுப்பதானால் அந்த நிர்வாகி கூட்டத்திலிருந்து எழுந்து போக வேண்டும். காசோலையில் இரண்டு ஒப்பம் வேண்டும். ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். ஆண்டுக் கணக்கு, தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். கேட்டுக் கொடுக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திணைக்களமும் வக்பு சபையும் அரச நிறுவனங்கள். தம்மிடமுள்ள பதிவைக் கேட்பவருக்கு அவை பதில் சொல்லக் கடமைப்பட்டவை.

நாரந்தனை நண்பருக்கு அன்று சொல்ல முடியாமற் போனதை இரண்டு வாரம் தேடிப் படித்த பின் தொலைபேசியில் சொன்னேன். வெறும் வாசிகசாலை என்றால் சனசமூக நிலையமாகப் பிரதேச சபையில் பதியுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் வறியோருக்கும் நோயாளருக்கும் உதவி செய்யப் போகிறீர்கள் என்றால் 1980ஆம் ஆண்டின் சட்டத்தைப் பார்க்காமல் ஓரடியும் வைக்காதீர்கள். காணியும் கட்டடமும் அமைப்பின் பெயரில் நிலைக்க வேண்டுமென்றால் ஒரு நொத்தாரிசைக் கொண்டு நம்பிக்கைப் பொறுப்பு உறுதி எழுதுங்கள். அல்லது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 34ஆம் பிரிவின் கீழ் இலாப நோக்கற்ற உத்தரவாதக் கம்பனியாகப் பதியுங்கள். எந்த அரசியல்வாதியின் வாசலிலும் நிற்க வேண்டாம். முக்கியமாக, காசை உங்கள் பெயருக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். பிறகு அவர் கேட்டார்: "உங்கட பள்ளியிலயும் இதையெல்லாம் செய்து முடிச்சிட்டியளோ, நானா?"

வருகிற ஜும்ஆவுக்குப் பின் நான் எழுந்து நின்று, அந்த உறுதி யாருடைய அலுமாரியில் இருக்கிறது என்று கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள்.